பூனை சாதுதான், எலியைக் கேட்டீர்களா?

பூனையின் வயிற்றில் சாய்ந்துகொண்டு ஹாம்ஸ்டர் தூங்குகிறது. நாயின் முதுகில் கினிப் பன்றி அமர்ந்திருக்கிறது. முயல்குட்டியின் பிடரியை ஃபெரெட், கீரி போல் நீண்ட உடம்புள்ள வளர்ப்புப் பிராணி, முகர்கிறது. இந்தப் படங்களுக்குக் கீழே எழுதப்படும் வாசகங்கள் எல்லாம் ஒரே ராகம்: விலங்குகளுக்குள் பகை கிடையாது, மனிதர்கள்தான் அவற்றிடம் பாடம் கற்க வேண்டும். எனக்கு இவற்றைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. எல்லோரும் பெரிய விலங்கின் முகத்தையே பார்க்கிறார்கள். அது சாதுவாக இருக்கிறது, நக்கிக் கொடுக்கிறது, பல்லைக் காட்டவில்லை என்று மகிழ்கிறார்கள். சிறியதின் காது எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது, கண் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது, விலா எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்று பார்ப்பவரைக் காணோம்.

ரோமமுள்ள சிறு பிராணிகளை நீண்ட காலமாக வளர்த்து வருபவள் என்பதால், "இதையும் அதையும் ஒன்றாக வைக்கலாமா?" என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். முயலோடு கினிப் பன்றி, ஹாம்ஸ்டரோடு இன்னொரு ஹாம்ஸ்டர், எலியோடு சுண்டெலி, இவை எல்லாவற்றோடும் ஒரு பூனை. கேட்பவர்கள் பெரும்பாலும் 'வைக்கலாம்' என்ற பதிலை மனதில் எழுதிக்கொண்டுதான் வருகிறார்கள். என் பதில் எப்போதும் அவர்களைக் கொஞ்சம் கசப்பாக்கி அனுப்பும்.

ஒன்றாக வாழ்வது சாத்தியமா என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடை தேடியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் சீன உளவியலாளர் குவோ ஸிங்-யாங். எலியைக் கொல்லும் குணம் பூனைக்குப் பிறவியிலேயே வருகிறதா என்பதுதான் அவருடைய சந்தேகம். 1930-இல் வெளியான அவருடைய ஆய்வில் பூனைக்குட்டிகளை மூன்று விதமாக வளர்த்தார். எலி பிடிக்கும் தாயோடு வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனியாக வளர்ந்த 20 குட்டிகளில் 9 கொன்றன. சின்ன வயதிலிருந்தே எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளில் 3 மட்டுமே கொன்றன. அவையும் தங்களோடு வளர்ந்த வகை எலியைத் தொடவில்லை, வேறு வகை எலியைத்தான் கொன்றன. வேட்டைக் குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வளர்ப்பில் இருக்கிறது என்பதற்கு இதைவிட அழகான சான்று கிடைப்பது கடினம்.

ஆனால் அந்த ஆய்வை எத்தனை முறை புரட்டினாலும் எனக்கு ஒரே உறுத்தல். அங்கே கேள்வி கேட்கப்பட்டது பூனையிடம். அது கொன்றதா, கொல்லவில்லையா என்பதுதான் கணக்கு. அதே கூண்டில் இருந்த எலி எப்படி இருந்தது என்பது அந்தக் கணக்கில் இல்லை. நம் வீட்டுப் படங்களிலும் அதேதான் நடக்கிறது.

எலியிடம் கேட்டவர் ஒருவர் உண்டு. எலிகள் விளையாடும்போது எழுப்பும் மீயொலியைச் சிரிப்பு என்று சொல்லிப் பலரைச் சிரிக்க வைத்த நரம்பியலாளர் ஜாக் பாங்க்செப். அவருடைய சோதனை மிக எளிமையானது. ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த, பூனை என்ற ஒன்றை வாழ்நாளில் கண்டிராத எலிக்குட்டிகள் துள்ளிப் புரண்டு விளையாடும் பெட்டிக்குள் ஒரு சிறு கொத்துப் பூனை முடியைப் போட்டார். பூனை இல்லை, முடி மட்டும். விளையாட்டு அந்த நொடியே நின்றுபோனது. முடியை எடுத்துவிட்ட பிறகும் சில நாள்கள் வரை அந்தக் குட்டிகள் அந்தப் பெட்டியில் பழைய அளவுக்கு விளையாடவில்லை. யாரும் அவற்றைக் கடிக்கவில்லை, துரத்தவில்லை. அவை உண்டன, உறங்கின, உயிரோடு இருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவர் 'பிரச்சினை ஒன்றும் இல்லை' என்றுதான் சொல்லியிருப்பார்.

இந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து, பூனை வளர்ப்பவர் ஒருவர் "எங்கள் பூனை கூண்டுக்குப் பக்கத்தில் போய் உட்காரும், அவ்வளவுதான், ஒன்றும் செய்யாது" என்று சொன்னால் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

நமக்கு இது தெரியாமல் போவதற்கு இன்னொரு காரணம், நம் காது. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணோடு நின்றுவிடும். எலி ஆபத்தை உணரும்போது எழுப்பும் குரல் 22 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி இருக்கிறது. மகிழ்ச்சியில் எழுப்பும் கீச்சொலி 50 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி. பூனையின் காதுக்கு 60 கிலோஹெர்ட்ஸும் எட்டும். ஆக ஒரே அறையில் எலி அலறிக்கொண்டிருக்கலாம், பூனை அதைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம், நடுவில் அமர்ந்து தேநீர் குடிக்கும் வீட்டுக்காரர் மட்டும் "எவ்வளவு அமைதியாக இருக்கின்றன பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

அமைதி என்ற சொல்லை இந்தப் பிராணிகள் விஷயத்தில் மிகவும் சந்தேகத்தோடுதான் பயன்படுத்த வேண்டும். முயலை மல்லாக்கப் படுக்க வைத்தால் அசையாமல் கிடக்கும். பலர் இதை 'மயங்கிச் சொக்கிப் போய்விட்டது' என்று நினைத்து வயிற்றைத் தடவுகிறார்கள். உண்மையில் அது பிடிபட்ட இரையின் கடைசி உத்தி. செத்ததுபோல் கிடந்தால் பிடி தளரும், தளர்ந்த கணத்தில் ஓடிவிடலாம். கினிப் பன்றியும் அப்படித்தான், பயந்தால் கல்லாகிவிடும். குழந்தையின் மடியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கினிப் பன்றி சுகமாகவும் இருக்கலாம், கதிகலங்கியும் இருக்கலாம். கண்ணின் வெள்ளை தெரிகிறதா, உடம்பு விறைத்திருக்கிறதா, கையில் நீட்டிய புல்லைக் கடிக்கிறதா என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பயந்த விலங்கு சாப்பிடாது.

முயலும் கினிப் பன்றியும் ஒன்றாக இருக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதுதான் அதிகம் கேட்கப்படுவது, அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இதுதான். இரண்டும் புல் தின்னும், இரண்டும் மெத்தென்று இருக்கும், இரண்டையும் கடைகளில் பல காலம் ஒரே தொட்டியில் போட்டு விற்றார்கள். அதனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பங்காளிகள் என்ற எண்ணம் வந்துவிட்டது. பங்காளிகளே இல்லை. முயல் கொறித்துண்ணி வகையில்கூடச் சேராது. மேல் தாடையின் முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு ஜோடிச் சின்னப் பற்கள் ஒளிந்திருக்கின்றன, விலங்கியல் வகைப்பாட்டில் முயல் இனத்துக்கென்று தனிப் பிரிவே உண்டு. வளர்ப்பு முயலின் மூதாதை ஐபீரியத் தீபகற்பத்து மண்ணில் வளை தோண்டி வாழ்ந்தது. கினிப் பன்றியின் மூதாதை தென் அமெரிக்கப் புல்வெளியில் வளை தோண்டத் தெரியாமல், புதர்களுக்கு இடையே தடம் போட்டு ஓடித் திரிந்தது. மனிதன் கப்பலில் ஏற்றிக்கொண்டு வரும்வரை இந்த இரண்டு இனமும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததே கிடையாது.

பிறப்பிலேயே வேறுபாடு தொடங்கிவிடுகிறது. முயல்குட்டி ஏறக்குறைய 31 நாளில், கண் திறக்காமல், ரோமம் இல்லாமல் வளைக்குள் பிறக்கிறது. கினிப் பன்றிக் குட்டி இரண்டு மாதத்துக்கும் மேல் வயிற்றில் இருந்துவிட்டு, கண் திறந்து, பல் முளைத்து, முழு ரோமத்தோடு பிறக்கிறது. சில மணி நேரத்தில் தாயின் பின்னால் ஓடுகிறது. ஒன்று ஒளிந்து வளரும் இனம், மற்றது ஓடி வளரும் இனம். முயலுக்குப் பின்னங்கால்தான் ஆயுதம். அந்த உதையின் வேகத்தில் முயல் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்வது உண்டு என்றால், பக்கத்தில் நிற்கும் ஒரு கிலோ கினிப் பன்றியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

வீடு மாறிப் போன தம்பதியர் ஒருவர் ஒருமுறை அவர்களுடைய முயலையும் கினிப் பன்றியையும் என்னிடம் விட்டுப் போனார்கள். "இரண்டையும் பிரித்துவிடாதீர்கள் அக்கா, ஒன்று இல்லாமல் ஒன்று சாப்பிடாது, கட்டிக்கொண்டுதான் தூங்கும்" என்று அந்தப் பெண் கண்கலங்கச் சொன்னாள். சாம்பல் நிறப் பெரிய முயல். பழுப்பும் வெள்ளையுமாக ஒரு கினிப் பன்றி. அதன் இடக் காதின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு துண்டு இல்லை.

நான் பிரிக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். முயல் நிதானமாக வந்து கினிப் பன்றியின் முன்னால் தாடையைத் தரையில் பதித்துப் படுத்தது. முயல்களின் வழக்கப்படி அதற்குப் பொருள், 'என் தலையை நக்கிவிடு'. பெரும்பாலும் உயர்ந்த இடத்தில் இருக்கும் முயல்தான் இப்படிக் கேட்கும், கேட்டால் கிடைக்க வேண்டும். கினிப் பன்றிகளுக்குள் அந்த வழக்கம் இல்லை. முகத்துக்கு நேரே இன்னொரு முகம் வந்து நின்றால் அது சவால். கினிப் பன்றி முதலில் உறைந்தது. பிறகு மெல்லத் தாடையை உயர்த்தியது; அதன் இனத்தில் அது 'நான் உனக்குக் குறைந்தவன் இல்லை' என்று சொல்வது. முயல் காத்திருந்தது. மூக்கால் இடித்தது. மறுபடியும் தலையைத் தாழ்த்தியது. பதில் வராமல் போகவே காதோரம் ஒரு கடி கடித்தது. காதில் அரைவட்டம் எப்படி வந்தது என்பது அப்போது புரிந்தது. இரண்டும் தத்தம் மரியாதைப்படி ஒழுங்காகத்தான் நடந்துகொண்டன.

'கட்டிக்கொண்டு தூங்கும்' என்பதும் உண்மைதான். கினிப் பன்றி மூலையில் ஒடுங்கிக்கொள்ளும். முயல் வந்து அதை ஒட்டிப் படுக்கும், ஏனென்றால் முயலுக்கு உடல் சூடும் துணையும் வேண்டும். கினிப் பன்றிக்குப் போக வேறு இடம் இல்லை. முயல் அசந்து தூங்கிய பிறகுதான் அது சத்தமில்லாமல் நழுவி வந்து புல் தின்றது. 'ஒன்று இல்லாமல் ஒன்று சாப்பிடாது' என்று அந்தப் பெண் சொன்னதற்கு நேர் எதிர். அவள் பொய் சொல்லவில்லை. விழித்திருந்த நேரமெல்லாம் முயலைத்தான் பார்த்திருக்கிறாள்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் இன்னும் இரண்டு உண்டு. பார்டெடெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பாக்டீரியாவைப் பல முயல்கள் மூக்கிலும் தொண்டையிலும் சுமந்துகொண்டு எந்த நோயும் இல்லாமல் திரியும். அதே கிருமி கினிப் பன்றிக்குத் தொற்றினால் நிமோனியாவாக மாறிக் கொல்லும். அடுத்து, கினிப் பன்றியின் உடலால் மனித உடலைப் போலவே வைட்டமின் சி தயாரிக்க முடியாது, உணவில்தான் கிடைக்க வேண்டும். முயல் தானே தயாரித்துக்கொள்ளும். அதனால் முயல் தீவனத்தில் அதைச் சேர்ப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே தட்டில் முயல் தீவனம் போட்டு வளர்த்தால் கினிப் பன்றிக்கு மூட்டு வீங்கும், ஈறு கசியும், ரோமம் சொரசொரப்பாகும். இதையும் பலர் 'வயதாகிவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இருவருக்கும் நடுவே கம்பி வலைத் தடுப்பு வைத்தேன். கினிப் பன்றிக்கு இன்னொரு கினிப் பன்றி வந்தது. அதுவரை ஊமையாக இருந்த பிராணி அது. புதியது வந்த பிறகு அது எழுப்பிய ஓசைகளைக் கேட்டிருக்க வேண்டும். தொண்டைக்குள் இழுக்கும் உறுமல், புல் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் வீட்டையே தூக்கும் விசில், கோபத்தில் பல்லை நறநறப்பது, மகிழ்ச்சியில் நின்ற இடத்திலேயே பொரி போல் துள்ளுவது. பேச ஆள் இல்லாததால் பேசாமல் இருந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிப் பன்றி போன்ற கூட்டமாக வாழும் பிராணிகளை இனத்துணை இல்லாமல் வளர்ப்பது சட்டப்படி தவறு. அந்தத் துணைக்கு முயல் கணக்கில் வராது.

புல் தின்னும் இரண்டு விலங்குகளுக்குள் என்ன சண்டை வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அமெரிக்காவின் கொலராடோவில் விலங்கியலாளர் ஜான் ஹூக்லண்ட் கண்டதை. பிரெய்ரி நாய் என்பது பெயரில்தான் நாய். அது வளை தோண்டி வாழும் தரை அணில். வெள்ளை வால் பிரெய்ரி நாய்களைப் பல ஆண்டுகள் கோபுரத்தில் உட்கார்ந்து கவனித்த அவர், அவை தங்களைவிடச் சிறிய வயோமிங் தரை அணில்களைத் துரத்திப் பிடித்து, உதறி, கடித்துக் கொல்வதைப் பார்த்தார். தின்பதில்லை. கொன்று போட்டுவிட்டு மறுபடி புல் மேயப் போய்விடுகின்றன. இரண்டுக்கும் ஒரே புல்தான் உணவு. போட்டியாளர் குறைந்தால் புல் மிஞ்சும். 2016-இல் வெளியான அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி, இப்படிக் கொல்லும் தாய்களின் குட்டிகள்தான் அதிகமாகப் பிழைத்தன என்பது. சைவம் என்றால் சாது என்பது மனிதர்கள் விஷயத்திலேயே பொருந்தாத ஊகம்.

ஹாம்ஸ்டரிடம் வந்தால் கதை சுருக்கமானது. தனியாக வையுங்கள், அவ்வளவுதான். தங்க ஹாம்ஸ்டர் மனிதனோடு சேர்ந்த வரலாறே இதைச் சொல்லும். 1930-இல் விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டி, தாயையும் குட்டிகளையும் எடுத்தார். பெட்டிக்குள் வைத்ததும் தாய் தன் குட்டி ஒன்றைக் கடித்துக் கொன்றது. மிஞ்சிய குட்டிகளில் சில ஜெருசலேமில் இனப்பெருக்கம் செய்ய, இன்று உலகெங்கும் கூண்டுகளில் சக்கரம் ஓட்டும் தங்க ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரு பிரசவத்தின் வாரிசுகள். பின்னாளில் சிரிய, துருக்கி எல்லைப் பகுதி வயல்களில் அவற்றின் வளைகளைத் தேடித் தேடிப் பதிவு செய்த ஆய்வாளர்கள், எந்த வளையிலும் வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றுக்கு மேல் இருக்கக் காணவில்லை. ஆணும் பெண்ணும் கூடச் சேர்ந்து குடித்தனம் நடத்துவதில்லை. 'பாவம், தனியாக இருக்கிறது' என்று துணை வாங்கிப் போடுபவர்கள் ஒரு காலையில் ஒன்றை மட்டும்தான் பார்ப்பார்கள். துணையை விரும்பாத பிராணியும் உலகில் உண்டு என்பதை ஏற்கக் கூட்டத்தில் வாழும் நமக்கு ஏனோ மனம் வருவதில்லை.

பாலைவன எலி வகையான ஜெர்பில் இதற்கு நேர் எதிர், ஆனால் குடும்பத்துக்குள் மட்டும். உடன்பிறந்தவற்றோடு ஒரே குவியலாகத் தூங்கும். வெளியாள் வந்தால் சாகும்வரை சண்டை. ஒன்றைச் சில நாள் வெளியே எடுத்து வைத்திருந்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டாலே, வாசனை மாறியதால் அதையும் அந்நியனாக நடத்துவது உண்டு.

எலியும் சுண்டெலியும் ஒன்றுபோலத் தோற்றம், ஒரே மாதிரி வால். ஆனால் எலி சுண்டெலியைக் கொல்லும். சுண்டெலிக்கு இது தெரியும், கற்பிக்க வேண்டியதில்லை. பூனை, எலி இரண்டின் உடலிலிருந்தும் வெளிவரும் சில புரதங்களை முகர்ந்தாலே, அவற்றைப் பார்த்தே இராத ஆய்வுக்கூடச் சுண்டெலிகள் நடுங்கிப் பின்வாங்குவதை 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. இரண்டையும் தனித்தனிக் கூண்டுகளில், ஆனால் ஒரே அறையில் அடுக்கி வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். கூண்டுக் கம்பி பல்லைத் தடுக்கும், வாசனையைத் தடுக்காது.

எலியைப் பற்றி இதோடு நிறுத்தினால் அதற்கு அநியாயம் செய்தவளாவேன். இந்தச் சிறு பிராணிகள் எல்லாவற்றிலும் என் மனதுக்கு மிக நெருக்கமானது எலிதான். 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இன்பால் பென்-அமி பார்தல், ஜான் டெசெட்டி, பெக்கி மேசன் மூவரும் ஓர் எலியைக் குழாய்க்குள் அடைத்து, அதன் கூண்டுத் தோழனை வெளியே விட்டார்கள். வெளியே இருந்த எலி கதவைத் திறக்கும் வித்தையைத் தானே கண்டுபிடித்து, அடைபட்டதை விடுவித்தது. பக்கத்தில் சாக்லெட் இருந்தபோதும் விடுவித்தது, பல சமயம் சாக்லெட்டையும் பங்கு வைத்தது. இது பலர் அறிந்தது. 2014-இல் வந்த தொடர்ச்சிதான் நம் பேச்சுக்கு முக்கியம். வெள்ளை எலி, முன்பின் தெரியாத வெள்ளை எலியை விடுவித்தது. கருந்தலை வகையைச் சேர்ந்த அந்நிய எலியை விடுவிக்கவில்லை. ஆனால் கருந்தலை எலி ஒன்றோடு சில காலம் சேர்ந்து வாழ்ந்திருந்தால், முகம் தெரியாத கருந்தலை எலிகளையும் விடுவித்தது. பிறந்ததிலிருந்தே கருந்தலை எலிகளிடையே வளர்ந்த வெள்ளை எலியோ, கருந்தலைகளை விடுவித்தது, தன் சொந்த இனமான வெள்ளை எலியைக் கண்டுகொள்ளவில்லை. அது தன் உடம்பின் நிறத்தைப் பார்த்ததில்லை, பார்த்துப் பழகியவர்களே அதன் இனம்.

ஆக, பழக்கத்தால் உறவு விரியும் என்பது பொய்யல்ல. குவோவின் பூனைக்குட்டியும் இந்த எலியும் அதைத்தான் சொல்கின்றன. அது எந்த எல்லை வரை விரியும், இரண்டு தரப்பிலும் விரிகிறதா என்பதில்தான் எனக்குக் கேள்வி. ஃபெரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முயல் வளைக்குள் நுழைந்து முயலை வெளியே விரட்டுவதற்கென்றே மனிதன் நூற்றாண்டுகளாகப் பழக்கிய பிராணி அது. பூனை, நாய் இவற்றோடு குறும்பாக விளையாடும், நல்ல தோழன். ஆனால் முயலும் கினிப் பன்றியும் எலியும் அதற்கு இரை. எவ்வளவு செல்லமாக வளர்ந்த ஃபெரெட்டாக இருந்தாலும் அதன் வாடையே முயலுக்கு அபாயச் செய்தி. இங்கே பழக்கம் எந்தப் பக்கமும் உதவாது.

காட்டில் மட்டும் எப்படி நடக்கிறது என்று கேட்கலாம். அங்கே உண்மையான கூட்டுக்குடித்தனங்கள் உண்டு. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் பாறைக் குன்றுகளில் ஹைராக்ஸ் என்ற பிராணி வாழ்கிறது. முயல் அளவு, கொழுகொழு உடம்பு, உறவுமுறையில் யானைக்கு நெருக்கம். பாறை ஹைராக்ஸ், புதர் ஹைராக்ஸ் என்ற இரண்டு இனங்கள் அங்கே ஒரே பொந்தில் குடியிருக்கின்றன. காலைக் குளிரில் இரண்டும் ஒன்றோடொன்று நெருக்கியடித்து உட்கார்ந்து வெயில் காய்கின்றன. இரண்டின் குட்டிகளும் கலந்து விளையாடுகின்றன. ஒன்றின் எச்சரிக்கைக் குரலுக்கு மற்றதும் ஓடி ஒளிகிறது. ஆனால் இனம் கலப்பதில்லை. இனப்பெருக்க உறுப்பின் அமைப்பே வேறு. இந்தச் சமாதானத்தின் ரகசியம் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது என்பது என் எண்ணம். பாறை ஹைராக்ஸ் பெரும்பாலும் தரையில் புல் மேய்கிறது, புதர் ஹைராக்ஸ் செடி கொடிகளில் ஏறி இலை தின்கிறது. எதிரி மட்டும் இரண்டுக்கும் ஒன்றே, மேலே வட்டமிடும் கருங்கழுகு. பிரெய்ரி நாய்க்கும் தரை அணிலுக்கும் தட்டு ஒன்றாக இருந்ததுதான் வினை.

கென்யாவின் டாரு பாலைவனத்தில் விலங்கு நடத்தை ஆய்வாளர் ஆன் ராசா 1980களில் பதிவு செய்த குள்ளக் கீரிகளின் கதை இதைவிடச் சுவையானது. கால் கிலோவை ஒட்டிய எடையுள்ள இந்தக் கீரிகள் கறையான் புற்றுக்குள் கூட்டமாகத் தூங்கும். காலையில் இருவாச்சிகள் வந்து புற்றருகே மரத்தில் காத்திருக்கும், கீரிகள் தரையைக் கிளறும்போது பறக்கும் பூச்சிகள் அவற்றுக்கு உணவு. கீரிகள் எழத் தாமதமானால் இருவாச்சிகள் அவற்றைக் கிளப்பிவிடும். இருவாச்சிகள் வராத நாளில் கீரிகளும் கிளம்பத் தாமதிக்கும், ஏனென்றால் வானத்தைப் பார்த்து எச்சரிக்க ஆள் வேண்டும். இருவாச்சியைத் தாக்காத, கீரியை மட்டுமே தூக்கிப்போகும் பருந்து வந்தாலும் இருவாச்சி குரல் கொடுக்கிறது. கீரிக்குட்டி அளவுள்ள எலிகளைத் தின்னும் அதே பறவை, கீரிக்குட்டிகளைத் தொடுவதில்லை.

இந்த இரண்டு இடங்களிலும் இருப்பது, நம் கூண்டுகளில் இல்லாதது, போக்கிடம். கீரிக்குப் பிடிக்காவிட்டால் புற்றுக்குள் போய்விடலாம். புதர் ஹைராக்ஸ் கிளைக்கு ஏறிவிடலாம். நான்கு சுவருக்குள் விலகிப்போக வழி இல்லாதபோது அருகிருப்பது விருப்பமா, வேறு வழியின்மையா என்று சொல்லவே முடியாது. அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, சிறியதற்கு மட்டும் நுழைய முடிகிற வாசலும், அதற்கு அப்பால் தண்ணீரும் புல்லும் உள்ள இடமும் செய்து கொடுங்கள் என்பதுதான். ஒரே ஒரு வாசல் போதாது. ஒரு வாசலில் பெரியது உட்கார்ந்துகொண்டால் சிறியது சிறைப்படும். பிறகு அது எங்கே நேரத்தைக் கழிக்கிறது என்று பாருங்கள். தானாக வெளியே வந்து பெரியதின் பக்கத்தில் நீட்டிப் படுத்தால், முதுகைக் காட்டிச் சாப்பிட்டால், உங்கள் படம் உண்மை. வரவே இல்லை என்றால் அதுவும் பதில்தான். நாய், பூனை உள்ள வீட்டில் இந்தச் சோதனைகூட ஆள் பார்த்திருக்கும் நேரத்தில் மட்டும்தான். பூனையின் ஒரு சின்னப் பல் பதிந்தாலும் அதன் வாயில் வாழும் பாஸ்டுரெல்லா கிருமி சிறு பிராணியின் உடலில் வேகமாகப் பரவும், காயம் சிறியது என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிய ஒரு ஜோடியையும் சொல்லிவிடுகிறேன். என் தோழி வீட்டில் ஐந்து கிலோவைத் தாண்டிய பெரிய ஜாதி முயல் ஒன்றும், அதைவிட எடை குறைந்த வயதான பூனையும் இருக்கின்றன. முயல் நேராகப் பூனையிடம் போகிறது, தாடையைத் தரையில் பதித்துத் தலையை நீட்டுகிறது. பூனை, பூனைகளுக்கும் நக்கும் வழக்கம் உண்டு என்பதால், கடமையாக நக்கிவிடுகிறது. நிறுத்தினால் முயல் இடிக்கிறது. அப்போதும் நக்காவிட்டால் பின்னங்காலால் தரையைத் தட்டிவிட்டு, பூனையைச் சோபாவிலிருந்து விரட்டிவிட்டு அந்த இடத்தில் தான் படுத்துக்கொள்கிறது. முயலுக்கு எந்தக் குறையும் இல்லை, எடையும் ஏறிக்கொண்டே போகிறது. அந்த வீட்டில் சிறியது பூனைதான். முயல் ஏற முடியாத உயரத்தில் அதற்கு ஒரு பலகை அடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.